துண்டுக்கு அடியில் ஒரு கணக்கு

எம்.ஏ. நுழைவுத் தேர்வுக்கு இன்னும் எட்டு நாள்தான். மாட்டு வியாபாரத்துக்கு நடுவே எனக்குப் படிக்கக் கிடைப்பது பஸ் நேரம் மட்டும்.

இன்று புதுச்சத்திரத்தில் ஏறினேன். மடியில் புத்தகம்; ரயில் பாலத்தைக் கடக்கும் கணக்கு. சந்தையில் துண்டை மூடி, ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை பேசிய பழக்கத்தில், துண்டுக்கு அடியில் விரல் மடக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்துப் பெரியவர் சட்டென்று கையை உள்ளே விட்டு என் விரலைப் பிடித்தார்.

"எந்த மாட்டுக்குங்க வெலை?"

"மாடில்லீங்க. பரீட்சைக் கணக்குங்க."

பஸ்ஸே சிரித்தது.

"பேரன் எடுக்கற வயசுல பரீட்சையாங்க?"

"ஏனுங்க, பேரன் வந்து எனக்காக எழுதுவானுங்களா? பி.ஏ.வே போன வருசந்தான் பாஸ் பண்ணுனேன்."

புத்தகத்தின் கடைசியில் விடையைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

இந்த வயதில் எதற்கு என்று கேட்க இன்னும் யாராவது இருந்தால், துண்டுக்குள் கையை விடுங்கள். பேசிக்கொள்வோம்.