பல் மெஷினுக்குச் சுருதி சேர்த்தவள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள், நான் வேலை செய்யும் பல் ஆஸ்பத்திரியில் கேட்டாலும் சொல்வார்கள். பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்பவன் நான். ஊரார் வாயையெல்லாம் அச்செடுத்து வைத்திருக்கிறேனே தவிர, என் வாயை அடக்கத் தெரியாது. ஆனால் இது என் கதை இல்லை. முன்னால் ரிசப்ஷனில் மைக்கைப் பிடித்து டோக்கன் நம்பர் கூப்பிடுகிறாளே, அவள் கதை. வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் அவள் ‘டோக்கன் அக்கா’. அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அக்காதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ரிசப்ஷனில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, “இதுக்கு இனிமே அப்டேட் வராது” என்று சர்வீஸ்காரர் கையை விரித்துவிட்டார். குப்பையில் போடச் சொன்னார் டாக்டர்.

“நான் எடுத்துக்கட்டுமா டாக்டர்?” என்று கேட்டாள்.

“தாராளமா. இடமாவது காலியாகும்.”

இதை என் இரண்டு காதாலும் கேட்டேன். பின்னால் தேவைப்படும், அதனால்தான் சொல்லி வைக்கிறேன்.

அவள் புருஷன் கூரியர் வேன் ஓட்டுகிறவன். “பல்லைத்தான் புடுங்குவாங்கன்னு நெனச்சேன், கம்ப்யூட்டரையும் புடுங்கிட்டு வந்துட்டியா?” என்று கேட்டானாம். அவள் பென் டிரைவ் வழியாக அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் போட்டாள். காசு கேட்காது, பழசு என்று முகத்தைச் சுளிக்காது; லினக்ஸைப் பற்றி எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். இசைக்கான சாஃப்ட்வேர்களும் அதிலேயே இலவசமாகக் கிடைத்தன. ஒரு கட்டை உடைந்த சின்னக் கீபோர்டு ஒன்றைச் செகண்ட்ஹேண்டில் வாங்கிச் சேர்த்துக்கொண்டாள்.

ஆனால் மெஷினுக்கு வயசாகிவிட்டதே! மூன்று வாத்தியம் சேர்ந்தால் சத்தம் படபடவென்று பொரியும். அதனால் ஒரு வாத்தியத்தை வாசித்து, ஒலிப்பதிவாக்கி, அதை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பாள். ஒரு நிமிஷப் பாட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஒருமுறை நானும் போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு ஒயர் ஒயராக இழுத்துக்கொண்டிருந்தாள்.

“நெஜ ஒயர் இல்ல அண்ணே, சும்மா படம்தான். ஆனா கழட்டினா சத்தம் நெஜமாவே நின்னுடும்” என்றாள்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? பல்லைக் குடையும் மெஷின் சத்தத்தைப் போனில் பிடித்துக்கொண்டு போய், அது எந்த ஸ்வரம் என்று கண்டுபிடித்தாள். வெளியே காத்திருக்கிறவர்கள் அந்த ‘ஙீ’ சத்தத்துக்கு நாற்காலிக் கையை இறுக்கிப் பிடிப்பதை நாள் முழுக்கப் பார்க்கிறவள் அவள்தானே.

“மெஷின் சும்மா சுத்தும்போது ஒரு ஸ்வரம் அண்ணே. பல்லுல பட்டதும் இன்னொரு ஸ்வரத்துக்கு எறங்குது. இந்த ரெண்டையும் பாட்டுக்குள்ள கொண்டுவந்துட்டா அது பயமுறுத்தாது இல்ல?”

“பயமுறுத்துறது மெஷின் இல்லம்மா, டாக்டர் மூஞ்சி” என்று சிரித்தேன். அப்போது சிரித்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஐந்து மாதத்தில் இருபது நிமிஷப் பாட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் அதைப் போட்ட முதல் நாள், கையில் இருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். மெஷின் கத்தியது, ஆனால் அது பாட்டில் ஒரு குழலாகிவிட்டது. மலை மாதிரி ஒரு லாரி டிரைவர் வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனார்.

இப்போது வருகிறது வயிற்றெரிச்சல். டாக்டரின் மச்சான் சவுண்ட் ஸ்டூடியோ வைத்திருப்பவர். பாட்டை வாங்கிப் போய், சத்தத்தை ஒரு சுற்று ஏற்றிக் கொடுத்தார். அவர் செய்தது அவ்வளவுதான். ஒரு திங்கட்கிழமை பார்த்தால் சுவரில் கண்ணாடி போட்ட போர்டு. ‘எங்கள் நோயாளிகளுக்காகவே உருவாக்கிய இசை’ என்று எழுதி, கீழே இசையமைப்பாளராக மச்சானின் பெயர், பல் தெரியச் சிரிக்கும் போட்டோவோடு!

அவள் அதைப் படித்தாள். போய் மைக்கைப் போட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். நான்தான் டாக்டர் அறைக்குள் புகுந்தேன்.

“அட, நீங்க வேற. அவங்க ஏதோ ஆர்வத்துல பண்ணாங்க. தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர்ல, ஓசி சாஃப்ட்வேர்ல ரிசப்ஷனிஸ்ட் பண்ணதுன்னு போர்டு வெச்சா நல்லாவா இருக்கும்? அதுவுமில்லாம, கம்ப்யூட்டர் நம்மளுதுதானே?”

கம்ப்யூட்டர் நம்மளுதாம்! இடம் காலியாகும் என்றபோது யாருடையது? அவர் வைத்திருக்கும் இடுக்கி யாரோ ஒரு கம்பெனி செய்தது. அதற்காக அவர் பிடுங்கிய பல்லெல்லாம் கம்பெனி பிடுங்கியதா? கேட்டேவிட்டேன். அவர் கையுறை மாட்டிக்கொண்டார்.

அவளிடம் வந்து கத்தினேன். அவள் கண் நிறைந்துவிட்டது. “எனக்குக் காசு வேணாம் அண்ணே. பாராட்டும் வேணாம். நான் பண்ணதை நான் பண்ணேன்னு சொல்லணும், அவ்ளோதான். வீட்டுல இன்னும் போர்டைப் பத்தி சொல்லல.”

இரண்டு மாதம் கழித்து டாக்டர் புது மெஷின் வாங்கினார். அதன் ஸ்வரம் வேறு. பழைய பாட்டுக்கும் அதற்கும் கால் ஸ்வரம் இடித்தது. கேட்ட மாத்திரத்தில் எனக்கே பல் கூசியது. ஒரு டீச்சர் டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்து, “பாட்டை நிறுத்துங்க, இல்ல மெஷினை நிறுத்துங்க!” என்று அலறினார்.

மச்சான் வந்தார். தலையில் பெரிய ஹெட்போன். ஏற்றினார், இறக்கினார், குருவிச் சத்தம் சேர்த்தார். யாரோ குருவிக்கும் பல் குடைவது போல ஆயிற்று.

டாக்டர் ரிசப்ஷனுக்கு வந்து இளித்தார். “ஏம்மா, நீங்க கொஞ்சம் பாத்து சரி பண்ணிடுங்களேன்.”

“போர்டுல யார் பேர் இருக்கோ அவர்கிட்ட கேளுங்க டாக்டர்.”

என் வயிற்றில் பாலை வார்த்தாள். பாட்டை நிறுத்திவிட்டார்கள். ஆனால் காத்திருக்கிறவர்கள் மறுபடி நடுங்க ஆரம்பித்தார்கள். ஒரு பெரியவர் இரண்டு தடவை டோக்கன் வாங்கி, இரண்டு தடவையும் மெஷின் சத்தம் கேட்டதும் எழுந்து போய்விட்டார். அது அவளுக்குத் தாங்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பென் டிரைவோடு வந்தாள். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக அவளுடைய பழைய கம்ப்யூட்டரில்தானே இருந்தது; புது மெஷினின் இரண்டு ஸ்வரத்துக்கும் எல்லாவற்றையும் மாற்றிக் கட்டியிருந்தாள்.

“உனக்கு ரோஷமே இல்லையாம்மா?” என்று எகிறினேன்.

“இருக்கு அண்ணே. கொஞ்சம் இருங்க.”

பாட்டு ஆரம்பித்தது. உள்ளே மெஷின் சுற்றியது, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. பெரியவர் மூன்றாவது தடவையாக டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை. அவள் மைக்கை எடுத்தாள்.

“டோக்கன் அஞ்சு, ரெடியா இருங்க. இப்ப நீங்க கேக்குற பாட்டு நான் பண்ணது. பழைய கம்ப்யூட்டர்ல, லினக்ஸ்ல, என் வீட்டுல உக்காந்து நான் பண்ணது. செவுத்துல இருக்கிற போர்டு தப்பு.”

பெரியவர் கேட்டார், “நீதானாம்மா?” மற்றவர்கள் போர்டைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டரால் ஓடி வர முடியவில்லை, கை ஒருவர் வாய்க்குள் இருந்தது. பாட்டை நிறுத்தவும் முடியாது, நிறுத்தினால் நாற்காலியில் இருப்பவர் குதிப்பார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு டோக்கனுக்கும் இதைச் சொல்கிறாள். நாளுக்கு நாற்பது டோக்கன்.

நேற்று சாயங்காலம் டாக்டர் என் அறைக்கு வந்து, போர்டைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

“அவகிட்ட குடுத்து வெச்சிருக்கேன் டாக்டர்” என்றேன். “கேட்டு வாங்கிக்குங்க.”