ரொறன்ரோ வானத்தின் கீழ் ஒரு வெள்ளவத்தை நாட்காட்டி

எங்கள் குடியிருப்புச் சங்கம் அடுத்த ஆண்டின் நாட்காட்டிக்கு ஆயத்தமாகிவிட்டது. வார்ப்புரு அதுவே, செயலாளரும் அவரே. ஆகவே சென்ற முறை நடந்ததை எழுதிவைப்பது கடமையாயிற்று.

கொழும்பு வெள்ளவத்தையிலுள்ள எங்கள் மாடிக் கட்டடத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற பின் பதிப்பு மென்பொருள் கற்றவர். இணையத்தில் ஓர் அழகிய வார்ப்புருவைக் கண்டெடுத்தார். அதில் ஒவ்வொரு வாரத்துக்கும் ‘இவ்வார இலக்குகள்’ என்றொரு கட்டம் இருந்தது. முழங்கால் வலியும் மருந்துச் சீட்டுமாக வாழும் எங்களுக்கு அது இன்றியமையாததுதான். திதி, இராகு காலம், சூரிய உதயம் யாவற்றையும் கைவருந்தித் தட்டச்சிடத் தேவையில்லை என்றார். ரொறன்ரோவிலிருக்கும் அவருடைய மருமகன் அட்டவணைக் கோப்பொன்றை அனுப்பினார். செயலாளர் அதை இறக்குமதி செய்ததும் பன்னிரண்டு மாதங்களும் தாமாகவே நிரம்பின.

எழுத்துப்பிழை பார்க்கும் பெரும்பேறு எனக்கு வாய்த்தது. தை மாதத்தில் சூரியன் ஏழே முக்காலுக்கு உதிப்பதாக இருந்தது. அந்நேரம் காலி வீதி என்னும் எங்கள் பெருஞ்சாலையில் பள்ளி வாகனங்கள் நெருக்கியடித்து நிற்கும். சூரியன் மட்டும் உறங்குவானேன் என்று செயலாளரிடம் வினவினேன்.

“ஐயா, அது கணினி கணிச்சது. நீங்கள் எழுத்துப் பிழையை மட்டும் பாருங்கோ.”

பார்த்தேன். ‘கலண்டர்’ என்ற சொல் ‘நாட்காட்டி’ ஆயிற்று. சூரியன் கனடாவிலேயே நின்றான்.

தை பிறந்தபின், முன்பு எங்கள் கட்டடத்தில் வசித்துக் கொட்டாஞ்சேனைக்குக் குடிபெயர்ந்த அம்மையார் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். கணவரின் முதலாண்டுத் திவசம் திங்கட்கிழமை என்று சங்க நாட்காட்டியைப் பார்த்துக் குருக்களையும் ஒழுங்குசெய்திருந்தார். ஐயுற்று என்னிடமிருந்த பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். கொழும்பில் அத்திதி செவ்வாய்க்கிழமை. திங்களன்று அது இங்கே பிறக்கவே இல்லை. செயலாளரின் மருமகன் தம் ஊருக்குக் கணித்த திதிகளையே நமக்கு அனுப்பியிருந்தார்.

அம்மையாரிடம் சொன்னேன்.

“அப்ப அண்ணை, திங்கட்கிழமை நான் படைச்சிருந்தா அவர் வந்திருக்கமாட்டாரே?”

குருக்களைக் கேளுங்கள் என்றேன். குருக்கள் வீட்டிலும் எங்கள் நாட்காட்டியே தொங்கியதாம். தம் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுச் செவ்வாய்தான் என்று மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டாராம். அம்மையார் அழைத்தோர் அனைவருக்கும் நாள் மாறியதை அறிவித்தார். செயலாளர் மட்டும், கணினி பிழைவிடாது என்று சொல்லித் திங்களன்றே வாழைப்பழச் சீப்புடன் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தார். அம்மையார் வெறுந்தேநீர் கொடுத்து உபசரித்தாராம்.

“ரொறன்ரோவில திவசம் இண்டைக்குத்தான். இங்க நாளைக்கு. நாளைக்கும் வாங்கோ.”

மறுநாள் நாங்கள் உண்டோம். இலையில் மறைந்தவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தது. அம்மையாரின் முகம் தெளிந்திருந்தது. செயலாளர் வரவில்லை; அவருடைய நாட்காட்டியில் அந்தத் திதி கடந்துவிட்டதல்லவா?

புதிய கோப்பும் அதே மருமகனிடமிருந்தே வரவிருக்கிறது. இக்குறிப்பில் நான் ஏதேனும் பிழைபட எழுதியிருப்பின் வாசகர் அருள்கூர்ந்து திருத்துக. நேரத்தைத் திருத்துவோர் மட்டும், தாம் எவ்வூர்ச் சூரியனைப் பார்த்துத் திருத்துகிறார்கள் என்பதையும் குறிப்பிடுக.