வாகரைக் கடலில் ஒரு புள்ளி

"அண்ணன், இந்தப் படத்தில தம்பி எங்க?" என்று மாலதி கேட்டபோதுதான் நான் செய்த பிழை எனக்குத் தெரிந்தது.

கலர் லேப் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நாவற்குடாவில் வீட்டு முன்னறையில் பழைய ஃபிலிம் ஸ்லைட்களுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறேன். ஸ்லைட்டை லைட் பேனலில் வைத்து மேக்ரோ லென்ஸால் படமெடுப்பேன். கம்ப்யூட்டரில் தூசி, பூஞ்சணத்தை நீக்கிவிட்டுப் பிரிண்டரில் அடிப்பேன்.

மாலதி ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. தகப்பன் எடுத்த நான்கு ஸ்லைட்களை முந்தின வாரம் கொண்டுவந்திருந்தார். "அப்பா ஒவ்வொரு நாளும் வியூவரில வைச்சுப் பாக்கிறவர். இப்ப கண் மங்கிற்று. பெரிசா அடிச்சுத் தாங்க."

நான்கும் வாகரைக் கடற்கரை. குடும்பம் மணலில் இருந்து சாப்பிடுகிறது, பின்னால் கடல். மூன்றில் தண்ணீரின் மேல் மிளகிலும் சிறிய கறுப்புப் புள்ளி. தூசி என்று நினைத்துத் துடைத்துவிட்டதாக அவரிடம் சொன்னேன்.

"தூசி இல்ல அண்ணன். அவன்ட தலை. அண்டைக்கு நீந்தப் போனவன் திரும்பி வரல்ல."

துடைக்காத படங்களைத் திறந்து, ஸ்லைட் சட்டத்தில் அச்சாகியிருந்த எண்களின்படி வரிசையாக வைத்தேன். முதலாவதில் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கை உயர்ந்திருந்தது. இரண்டாவதில் தலை மட்டும். மூன்றாவதில் அது இன்னும் தூரத்தில். நான்காவதில் வெறும் தண்ணீர். நான்கிலும் எல்லாரும் கமெராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிறுமியான மாலதியும்தான். கடலைப் பார்த்து நின்றவர் ஒருவரே. கமெராவைப் பிடித்திருந்த தகப்பன்.

வெளியே நல்ல வெயில். ஆனாலும் அந்த அறையில் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

"இத இனி அப்பா பாக்கத் தேவல்ல," என்றார் மாலதி. "அவருக்குத் துடைச்சதையே குடுப்பம். கண் தெரியாதுதானே."

கொண்டுபோனார். மறுநாள் காலையில் மாலதியிடமிருந்து போன் வந்தது.

"மூண்டு படத்திலயும் சரியா அந்த இடத்தில விரல வைக்கிறார் அண்ணன். 'இங்கதானே நிண்டவன், எங்க போனவன்?' எண்டு கேக்கிறார்."

புள்ளியுடன் மூன்றையும் மறுபடி அடித்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கிழவர் படத்தை முகத்தோடு ஒட்டிப் பிடித்து, "ஓம், இந்தா நிக்கிறான்," என்றார். நான்காவது படத்தை என்னிடமே திருப்பித் தந்தார். "இது வேணாம். இதில ஒருத்தரும் இல்ல."

அன்றிலிருந்து, எவ்வளவு சிறிய புள்ளியானாலும் படத்துக்குரியவரிடம் காட்டிக் கேட்காமல் நான் நீக்குவதில்லை.