பாதி வெந்த கேக்

மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் எல்லாம் நின்றுபோயிற்று. மகள் மதுரை ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குக் காத்திருக்க, நானும் மனைவியும் எங்கள் மலைக்கிராமமான பள்ளங்கியில் மழைக்குள் மாட்டிக்கொண்டோம்.

மனசு படபடத்தால் கேக் சுடுவது என் வைத்தியம். தின்றவர்களுக்குத்தான் அப்புறம் வைத்தியம் தேவைப்படும். ஓவன் கிடையாது, குக்கரில் உப்பைப் பரப்பி, விசிலைக் கழற்றி, சிறுதீயில் வேகவைப்பேன். அன்று காலையிலிருந்து கேரட் கேக், வாழைப்பழக் கேக் என்று சுட்டுத் தள்ளினேன். மனைவியோ வாசலுக்கும் போனுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"ரோடு தெறக்குற வரைக்கும் சுட்டுக்கிட்டே இருப்பீகளோ?"

திரும்பாமலே அடுத்ததை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் அடுப்பு அணைந்தது. சிலிண்டர் காலி. வேறு சிலிண்டர் வரவும் வழியில்லை.

"நல்லாருக்கு. ராத்திரிக்கு உங்க கேக்குல ரசம் ஊத்தித் திம்போம்" என்றாள்.

சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. கலக்க மாவும் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கத் தீயும் இல்லை. வெறும் கரண்டியோடு நின்றேன். அவள் கரண்டியை வாங்கி வைத்தாள்.

"பயமா இருக்குங்களா?"

"ஆமா."

"எனக்குந்தாங்க. வெள்ளனே இருந்து சொல்லணும்னு பாக்குறேன். நீங்க திரும்பினாத்தான?"

குழகுழவென்று கிடந்த கேக்கை அள்ளித் தின்றுகொண்டே, மகளுக்கு என்னவெல்லாம் ஆகிவிடுமோ என்று பயந்ததையெல்லாம் இருவரும் பேசித் தீர்த்தோம். மறுநாள் பேத்தி பிறந்த சேதி போனில் வந்தது.

இப்போதும் மனசு சரியில்லையென்றால் சுடுகிறேன். அடுப்புப் பக்கத்தில் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட்டுத்தான் மாவில் கை வைக்கிறேன்.