கிளச் பிடிக்காத நாட்கள்

அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கு ஏதோ நோய் வருத்தம் என்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரு மான்தான். திருகோணமலை நகரத்தில் மான்கள் மாடுகளைப்போலத் திரியும். அன்று காலை அப்பா என்னைப் பெற்றோல் தாங்கியின் மேல் முன்னால் இருத்திப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கோட்டை வீதியில் ஒரு பெண்மான் நடுவே வந்து நின்றது. அப்பா பிரேக்கை மிதித்தார். சொன்னபடி நிற்க வேண்டிய மோட்டார் சைக்கிள் கன்றுக்குட்டிபோல இரண்டு தரம் துள்ளி, இருமி, அணைந்துபோனது. என் உதடு ஹாண்டிலில் அடிபட்டுக் கிழிந்தது. மான் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வழியே போனது. அப்பா என் உதட்டைத் துடைத்துவிட்டார். ஆனால் அவருடைய கண் இடப்பக்கத்துக் கிளச் பிடியிலேயே இருந்தது.

"கிளச் பிடிக்குதில்லை," என்று அன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னார்.

அப்பா தெருவேலைப் பகுதியில் ஓவசியர். பாலையூற்றில் எங்கள் வீட்டுக்கு அருகில் தொடங்கிக் கந்தளாய் வரை போகும் வீதி அவருடைய பொறுப்பு. எங்கே மதகு உடைந்தது, எங்கே தார் பெயர்ந்தது என்று காட்டுக்கு நடுவே நாள் முழுக்க ஓடித் திரிய வேண்டும். மோட்டார் சைக்கிள் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. இங்கிலீசுக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது ஒரு மாலுமி விற்றுவிட்டுப் போனது அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அதைக் கழுவித் துடைக்கிற பக்குவத்தைப் பார்த்து அம்மா பெருமூச்சு விடுவாள்.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் கராஜ் வைத்திருந்த கிண்ணியாக்காரரை நாங்கள் எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஏறி உப்புவெளி வரை ஓடிவிட்டு வந்து, "இதுல ஒரு குத்தமும் இல்ல ஐயா," என்றார். எனக்கும் விளக்கம் சொன்னார். இடக்கைப் பிடியை இழுத்தால் ஒரு கம்பி இழுபடும். அது உள்ளேயிருக்கும் தட்டுகளைப் பிரிக்கும். அப்போது எஞ்சின் பின்சக்கரச் சில்லைக் கைவிட்டுவிடும். பிரியாவிட்டால் நிற்கவும் ஏலாது, கியர் மாற்றவும் ஏலாது. எதற்கும் இருக்கட்டும் என்று கம்பியை மாற்றிவிட்டார். சில நாள் ஒரு குறையும் இல்லை. பிறகு மாரி தொடங்கியது. முதல் மழையிலேயே அப்பா நனைந்துகொண்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மழைத் தண்ணீர் கம்பிக்குள் இறங்குகிறது என்று நானா முடிவு கட்டினார். கிறீஸ் பூசி, துணி சுற்றி அனுப்பினார். அடுத்ததாக மழையே இல்லாத ஒரு நாளில், வெயிலில் கந்தளாயிலிருந்து திரும்பும்போது அதே கதை. அப்படியென்றால் சூட்டில் தட்டுகள் ஒட்டுகின்றன என்றார். கழற்றிப் பார்த்தால் தட்டுகள் கண்ணாடிபோல இருந்தன. டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளைகளைப்போல, கராஜ் வாசலில் அந்த மோட்டார் சைக்கிள் மகா சாதுவாக நின்றது. காலையில் வராத வருத்தம் பின்னேரத்தில் வந்தது. நானாவுக்கு வராதது அப்பாவுக்கு மட்டும் வந்தது.

இந்த நேரத்தில்தான் மாமா உள்ளே புகுந்தார். அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் கப்பல் எஞ்சின்களோடு வேலை. கப்பலையே கழற்றிப் பூட்டுகிறவனுக்கு இது ஒரு விளையாட்டுச் சாமான் என்று சொல்லிக்கொண்டு விறாந்தையில் சாக்கை விரித்து, கிளச்சை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார். ஸ்பிறிங் கடினமாக இருக்கிறதாம். இளகின ஸ்பிறிங் போட்டார். பிறகு மேட்டில் எஞ்சின் அலறியதே தவிர சில்லு ஏறவில்லை. பழையதையே திரும்பப் போட்டார். அம்மா தன் பங்குக்குக் கண்ணூறு கழிய ஹாண்டிலில் ஒரு தேசிக்காயைக் கட்டிவிட்டாள். இப்படிப்பட்டவற்றில் நம்பிக்கையில்லாத அப்பா அதை அவிழ்க்கவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்பாவின் கதைபேச்சுக் குறைந்துகொண்டே போனது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, அதைப் பார்த்தபடி இருப்பார். பதில் சொல்லாத பிள்ளையை அதட்டுவதுபோல ஒருநாள் பெற்றோல் தாங்கியில் ஓங்கிக் குத்தினார். மற்ற ஆட்கள் ஓடினால் ஓடுகிறதே, எனக்கு மட்டும் ஏன் என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தேசிக்காயை மாற்றிக் கட்டினாள்.

அந்த நாட்களில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகையில், துறைமுகம் தெரிகிற இறக்கத்தில் அப்பா வேகத்தைக் குறைத்தார். முன்னால் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது.

"பிள்ளை, என்ர கைக்கு மேல உன்ர கையை வைச்சு இழு," என்றார்.

இரண்டு கைகளாலும் அப்பாவின் விரல்களைச் சேர்த்து அமுக்கினேன். அவை குளிர்ந்திருந்தன. பிடி உள்ளே வந்தது. மோட்டார் சைக்கிள் பூனைபோல நின்றது. அப்பா எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடப் பழக்குகிறார் என்று நினைத்தேன். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் பீற்றிக்கொண்டேன். மாட்டுவண்டி போன பிறகும் அப்பா மோட்டார் சைக்கிளை அங்கிருந்து எடுக்கவில்லை. துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அடுத்த நாளிலிருந்து என்னை பஸ்ஸில் அனுப்பினார்கள். நான் செய்த குற்றம் என்னவென்று விளங்காமல் அழுதேன்.

கடைசியில் மாமா ஒரு யோசனை சொன்னார். வருத்தம் வருகிறபோது கூடவே இருந்து பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கந்தளாய்க்குப் போனார்கள். போகும்போது மாமா ஓட்டினார். திரும்பும்போது தம்பலகாமச் சந்திவரை மாமாதான். அதுவரை ஒரு குறையும் இல்லை. சந்தியில் ஆள் மாறினார்கள். மழை தூறத் தொடங்கியிருந்தது. பாலையூற்றுக்குக் கிட்ட வந்தபோது மோட்டார் சைக்கிள் மதகைத் தாண்டி வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது.

பெரிய காயம் ஒன்றும் இல்லை. மாமா சேற்றோடு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் அப்பா, தன் இடக்கையை வலக்கையால் தாங்கிக்கொண்டு, வேறு யாருடையதையோ சுமந்து வருகிறவர்போல நடந்து வந்தார். மாமா நேரே குசினிக்குள் போனார். நான் விறாந்தையிலிருந்து பார்த்தேன். மாமா மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். அம்மா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள்.

மாமா சொன்னதை நான் பெரியவளான பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னாள்.

"அக்கா, கிளச்சில ஒண்டும் இல்லை. அத்தான்ர விரல் மடங்குதில்லை. பின்னால இருந்து பாத்தனான். அவர் இழுக்கிறார், கை வருகுதில்லை."

கொழும்புக்குப் போய் வந்தார்கள். நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோய் அது. குளிரிலும் களைப்பிலும் முதலில் தன்னைக் காட்டுமாம். மருந்து இல்லை. எனக்குச் சொல்லப்பட்டது, அப்பாவுக்குக் கொஞ்சம் வாதம், எண்ணெய் பூசினால் சரிவரும் என்பதுதான். வீட்டில் எண்ணெய் மணம் நிறைந்தது. நானா கேள்விப்பட்டு வந்தார். கிளச்சைக் காலால் மிதிக்கிற மாதிரி மாற்றித் தருகிறேன் என்று நிலத்தில் குச்சியால் கீறிக் கீறிக் காட்டினார். அப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"எத்தனை நாளைக்கு, நானா?" என்றார்.

நானா கீறியதைக் காலால் அழித்துவிட்டு எழும்பிப் போனார்.

அந்தக் கேள்விக்கான பதிலை வீடு பிறகு மெல்ல மெல்லக் கண்டது. மற்றக் கை போனது. கால்கள் போயின. எல்லாவற்றுக்கும் பிறகு நாக்கும். ஆனால் அதற்கெல்லாம் முன்பு, மோட்டார் சைக்கிளை விற்ற அன்று, அப்பா நிமிர்ந்து நடந்தார். இறங்குதுறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வாங்க வந்தவர் மூதூரில் நெல் வியாபாரம் செய்கிற ஒரு இளைஞர். மூதூர்ப் படகான லோஞ்சில் ஏற்றுவதற்கு முன் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஐயா, பெரிய மனிசர், உங்கட வாயால சொல்லுங்க. இதுல ஏதும் பிழை இருக்கா?"

"இல்லைத் தம்பி. இதில ஒரு பிழையும் இல்லை," என்றார் அப்பா.

என் முகம் சுட்டது. மானையும், கிழிந்த உதட்டையும், வாய்க்காலையும் அந்த ஆளுக்குச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. பொய் சொன்னால் வாயில் மிளகாய் தேய்ப்பேன் என்று என்னை வெருட்டுகிற அப்பா, கண்ணைக்கூட இமைக்காமல் ஒரு அப்பாவி மனிதரை ஏமாற்றுகிறார். லோஞ் புறப்பட்டது. ஹாண்டிலைப் பிடித்தபடி அந்த இளைஞர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். அப்பா வலக்கையைத் தூக்கிக் காட்டினார். லோஞ் ஒரு புள்ளியாகும்வரை அங்கேயே நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் காளி கோவில் வந்தது. நான் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு அடி பின்தங்கி, கண்ணை இறுக மூடிக் கும்பிட்டேன். அம்மாளாச்சி, மூதூர் ஆளுக்குச் சொன்ன பொய்க்காக எங்கட அப்பாவுக்கு ஒரு தண்டனையும் குடுத்திடாதை என்று மன்றாடினேன்.