எண்பது கிலோ

பனியன் கம்பெனி முதலாளி ஆத்தப்பனிடம் எடையில் விளையாட முடியாது என்பது அவிநாசி வட்டாரத்தில் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரியும். துணி வந்து இறங்கியதும் வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் வைப்பார். சொன்ன எடைக்கு ஐந்து கிராம் குறைந்தாலும், வந்த வண்டியிலேயே ரோலைத் திருப்பி ஏற்றிவிடுவார். "எடையில பொய் சொல்றவன் எதுல வேணாலும் சொல்லுவானுங்க" என்பார். அப்படிப்பட்ட மனிதர் தன் சொந்த எடையில் முப்பத்திரண்டு கிலோவை ஒரே மூச்சில் விழுங்கினார் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் விழுங்கினார்.

இரண்டாயிரத்து எட்டில் திருப்பூர் பனியன் முதலாளிகளுக்கு சைக்கிள் பைத்தியம் பிடித்திருந்தது. சைக்கிள் மிதித்து முன்னுக்கு வந்தவர்கள் கார் வாங்கி, தொப்பையும் வாங்கி, மறுபடி சைக்கிளுக்கே வந்து சேர்ந்திருந்தார்கள். ஆத்தப்பனுக்கு முட்டி வலி. டாக்டர் மெஷினில் ஏற்றிப் பார்த்து நூற்றுப் பன்னிரண்டு என்றார். நடந்தால் முட்டி தேயும், சைக்கிள் ஓட்டுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். ஆத்தப்பனின் மனைவிக்குத் தம்பி தமிழ்செல்வன், கூட்டாளிகளோடு ஞாயிறுதோறும் உடுமலைப் பக்கம் மண்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவன். மச்சானைக் கையோடு சாமியப்பனின் சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனான். அவனுடைய கூட்டாளிகள் நாலைந்து பேர் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கடையில் சக்கரம் கட்டுகிறவன் ஜெபக்குமார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவன், பிறகு இங்கே ஒட்டிக்கொண்டான். ஆத்தப்பனின் கால் உயரம் பார்த்து பிரேம் எடுத்தான். முன்னால் குலுக்கலைத் தாங்குகிற போர்க்கும் வைத்தான். அப்புறம் சக்கரத்துக்கு வந்தான்.

"அண்ணாச்சி, காடு மேடுன்னு ஓட்டுத வண்டிக்கு சக்கரம்தான் உசுரு. மேட்டுல ஏற லேசாவும் இருக்கணும், பள்ளத்துல விழுந்தா தாங்கவும் செய்யணும். ஓட்டுத ஆளு வெயிட்ட வச்சுத்தான் ரிம்மும் கம்பியும் போடுவோம். நீங்க எவ்வளவு இருப்பிய?"

டீ கிளாஸ்கள் அப்படியே நின்றன. எல்லோரும் வேறு எங்கேயோ பார்ப்பதுபோல் ஆத்தப்பனையே பார்த்தார்கள்.

"எம்பது" என்றார் ஆத்தப்பன்.

தமிழ்செல்வன் டீயை ஊதினான். சாமியப்பன் கல்லாவில் சில்லறை தேடினார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட தேவலை. ஜெபக்குமார் மட்டும் தயங்கினான்.

"எம்பதுதானா அண்ணாச்சி? எதுக்கும் முப்பத்திரண்டு கம்பி போட்டுத் தாரேன். கொஞ்சம் கனக்கும், ஆனா திடமா நிக்கும்."

"மாப்ளைக்கு என்ன போட்டீங்க?" என்று தமிழ்செல்வனைக் காட்டினார்.

"அவுகளுக்கு இருபத்துநாலு. லேசு ரிம்."

"அதையே போடுங்க தம்பி. எடையில பொய் சொல்லி எனக்கு என்ன கெடைக்கப் போகுது?"

சொன்னதும் அவருக்கே காது சுட்டது. போகட்டும், சைக்கிள்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு உடுமலைத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே, வாய்க்கால் மேட்டிலிருந்து எல்லோரும் சர்ரென்று இறங்கினார்கள். ஆத்தப்பனும் இறங்கினார். முதல் பள்ளத்தில் பின்சக்கரம் படபடவென்று கம்பி தெறித்து அப்பளமாய் மடங்கியது. ஆள் போய் ஒரு தென்னையின் வட்டப்பாத்திக்குள் உட்கார்ந்தார். முழங்கையில் சிராய்ப்பு, வேறு அடி ஒன்றுமில்லை.

"நல்லவேளைங்க மச்சான். பொழச்சீங்க" என்று தமிழ்செல்வன் தூக்கிவிட்டான். "சக்கரம் கட்டத் தெரியாதவனை வேலைக்கு வச்சிருக்கறான் பாருங்க. இன்னைக்கு உண்டு இல்லைன்னு பண்ணீர்றேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சேற்றில் உட்கார்ந்திருக்கிறவன் மானத்தைக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறான்? ஆனாலும் வாய் வரவில்லை. திருப்பூர் வரும் வரைக்கும் காரில் முழங்கையை ஊதிக்கொண்டே வந்தார்.

தமிழ்செல்வன் மடங்கிய சக்கரத்தைக் கடை வாசலில் வீசினான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. சாமியப்பன் முகம் வெளுத்து ஜெபக்குமார் மேல் பாய்ந்தார்.

"என்னடா கட்டியிருக்கறே? பெரிய மனுசன் உசுருக்கு என்னாச்சும் ஆயிருந்தா?"

ஜெபக்குமார் சக்கரத்தை எடுத்துப் பார்த்தான். பிறகு ஆத்தப்பனைப் பார்த்தான். ஆத்தப்பன் தரையைப் பார்த்தார். எண்பது என்று சொன்னது இவர்தான் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் ஒரு மனிதனின் உடம்பைப் பற்றிப் பேச அவனுக்கு நாக்கு எழவில்லை.

"கட்டுனது நான்தான் முதலாளி" என்றான்.

"நாளையிலிருந்து வர வேண்டாம் போ."

ஆத்தப்பனுக்கு, எடை குறைந்த துணியோடு தன் வாசலில் நின்றவர்களை எத்தனை பேர் முன்னால் எப்படியெல்லாம் பேசியிருக்கிறோம் என்று நினைக்கவே அசிங்கமாக இருந்தது.

"சாமியப்பா, தம்பி மேல தப்பில்லைங்க. நான் நூத்திப் பன்னெண்டு கிலோ இருக்கறேன்."

இதைச் சொல்ல அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஆனால் சாமியப்பன் பதறிப்போனார்.

"அட, அப்படியெல்லாம் சொல்லாதீங்க. உங்களைப் பார்த்தா எம்பதுக்கு மேல யாருங்க சொல்லுவாங்க?"

"மச்சானுக்கு எப்பவும் எளகுன மனசுங்க" என்றான் தமிழ்செல்வன் கூட்டத்தைப் பார்த்து. "பையன் பொழப்பு போயிருமேன்னு பழியத் தம்மேல போட்டுக்கறாரு."

கூட்டத்தில் இரண்டு பேர் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கட்டின பொய்யை யாரும் கேள்வி கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் பெருந்தன்மை என்கிறார்கள். இதைவிடக் கேவலம் ஒரு மனிதனுக்கு வேண்டாம். ஆத்தப்பன் விடுவிடுவென்று வெளியே வந்து, பக்கத்திலிருந்த கட்டிங் வேஸ்ட் குடோனுக்குள் நுழைந்தார். பனியன் துணிக் கழிவை மூட்டை மூட்டையாக நிறுக்கிற எடைமேடை அங்கே இருந்தது. ஏறி நின்றார். என்னவோ ஏதோ என்று கடைக்கூட்டமும் பின்னாலேயே வந்துவிட்டது.

"கத்திச் சொல்லுங்க" என்றார் குடோன்காரரிடம்.

குடோன்காரருக்கு மூட்டை எடையைக் கத்திச் சொல்லியே பழக்கம். "நூத்திப் பதினாலு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

தமிழ்செல்வன் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றை ஆராய ஆரம்பித்தான். சாமியப்பன் இங்கும் அங்கும் பார்த்துவிட்டுக் கடைசியில் ஜெபக்குமார் பக்கமே திரும்பினார்.

"ஏப்பா, ஆளைப் பார்த்தாலே தெரியுதல்ல? நீ கேட்டிருக்க வேண்டாமா?"

"கேட்டான்" என்றார் ஆத்தப்பன், எடைமேடையில் நின்றபடியே. "ரெண்டு தடவை கேட்டான். கூடுதல் கம்பி போடறேன்னும் சொன்னான். நாந்தான் பொய் சொன்னேன். அதுவும் போதாதுன்னு, காலையிலிருந்து வாயை மூடிட்டு நின்னேன்."

சாமியப்பன் மெதுவாக, "சரி தம்பி, நாளைக்கு வேலைக்கு வா" என்றார். ஒவ்வொருவராக நழுவினார்கள். நூற்றுப் பதினாலு என்பது நாளைக்கு அவிநாசி வரைக்கும் போய்விடும், நிட்டிங்காரர்கள் வாயில் அது என்ன பாடு படும் என்பதெல்லாம் ஆத்தப்பனுக்குத் தெரியும். அதுகூட அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

மேடை சற்று உயரம். ஏறும்போது இருந்த வேகத்தில் தெரியவில்லை, இறங்கப் போனால் முட்டி மடங்கவில்லை. ஜெபக்குமார் பக்கத்தில் வந்து கையை நீட்டினான்.

"பாத்து எறங்குங்க அண்ணாச்சி. முழு வெயிட்டயும் எம்மேல போடுங்க, நான் தாங்கிக்கிடுதேன்."

வேறு வழியில்லாமல் ஆத்தப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்க்க மட்டும் அவரால் முடியவில்லை.