அமாவாசையில் பதிந்த பாட்டு

எட்டு வயதுக் குழந்தை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதற்காகக் குற்றவாளி ஆகுமா? இருபது வருடமாகியும் இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இரு என்று அவளிடம் சொல்ல வரும்போதெல்லாம் பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். அவள் அதைச் சாக்காக வைத்துப் பேசிக்கொண்டே இருக்கிறாள்.

என் சித்தப்பா பாடகராக இருந்தவர். காஞ்சிபுரத்தில் பாடகர் என்றால் கோயில் உற்சவத்தில் பாட வேண்டும், இல்லாவிட்டால் கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டுப் பாட வேண்டும். சித்தப்பா இரண்டிலும் சேரவில்லை. ஏனாத்தூரில் கல்லூரியில் படித்தபோது ஒரு விடுதி மாணவனிடமிருந்து பழைய கிட்டார் ஒன்றை வாங்கி வந்தார். கேசட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தானே கற்றுக்கொண்டார். பாட்டையும் தானே எழுதி மெட்டும் தானே போட்டார். இது ராக் மாதிரி, ஆனால் உள்ளே புளூஸ் என்பார். ஒரு வரியைப் பாடி, அதையே மறுபடி பாடி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்ல வேண்டுமாம். நடுவில் குரல் மேலே போய் உடைந்து இறங்கும். அப்பா ஒருமுறை கேட்டுவிட்டு, தம்பியை யாராவது அடித்துவிட்டார்களா என்று அம்மாவிடம் விசாரித்தார்.

படிப்பு முடிந்த பிறகு சனிக்கிழமைதோறும் ரயிலேறிச் சென்னைக்குப் போவார். புதியவர்களைப் பாட விடும் ஒரு காபிக் கடையில் இரண்டு பாட்டுப் பாடிவிட்டுத் திரும்புவார். அங்கே வந்த ஒருவர், சொந்தப் பாட்டுப் பாடுகிறவர்களை வைத்துப் பெரிய நிகழ்ச்சி நடத்தப்போவதாகவும், அந்த மாதத்துக்குள் நல்ல பதிவாக ஒன்று கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். இதுவும் ஆகவில்லை என்றால் தறியில் உட்கார வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். எல்லாமே அந்த ஒரு கேசட்டில் இருந்தது.

எங்கள் தெருவில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். எந்தக் கதவைச் சாத்தினாலும் டேப்பில் அது ஏறிவிடும். தறி ஓடாத நாள் மாதத்தில் ஒன்றுதான், அமாவாசை. சித்தப்பா அந்த நாளைக் குறித்துக்கொண்டார். அமாவாசையில் அப்படி ஒரு பாட்டை வீட்டில் பாடலாமா என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. தாத்தா மூன்று மாதமாகப் படுக்கையில் கிடக்கும் வீடு அது என்பதையும்தான்.

அன்று காலை அப்பாவும் அம்மாவும் தாத்தாவின் உடம்புக்காக வேண்டிக்கொள்ள மாகறல் கோயிலுக்குப் போயிருந்தார்கள். தாத்தா உள்ளறையில் தூங்கினார். சித்தப்பா தெருப்பக்க அறையில் டேப் ரெக்கார்டரை வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, என்னை வாசற்படியில் காவலுக்கு உட்கார வைத்தார். "யாரையும் உள்ள உடாத. நான் வர்ற வரைக்கும் நீயும் ஒரு வார்த்த பேசக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன்.

அந்தப் பாட்டில் சாவே கிடையாது. பாலாற்றுப் பாலத்தைப் பற்றியது.

பாலாத்துல தண்ணியில்ல, பாலம் மட்டும் நிக்குது
பாலாத்துல தண்ணியில்ல, பாலம் மட்டும் நிக்குது
தாண்டிப்போக யாருமில்ல, எதுக்குத்தான் நிக்குது

தெருவுக்குச் சொற்கள் கேட்கவில்லை, அழுகை மட்டும் கேட்டது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் ஆண்களும் பாடுவார்கள். எதிர்வீட்டு அத்தை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"இன்னா கண்ணு, தாத்தா பூட்டாரா?"

நான் உதட்டின்மேல் விரலை வைத்தேன். பாட்டைக் கேட்டதில் என் கண்ணில் நீர் வேறு நின்றது. அத்தை என் தலையைத் தடவி, அழாதே, அவர் நல்லபடியாக வாழ்ந்தவர் என்று சொல்லிவிட்டுப் போனார். இல்லை என்று தலையையாவது ஆட்டியிருக்கலாம். ஏன் ஆட்டவில்லை என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். தலையாட்டினால் அதுவும் பேசியதாக ஆகிவிடும் என்று நினைத்திருப்பேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சித்தப்பா அதன்பிறகு இன்னும் இரண்டு பாட்டுப் பாடினார். கதவைத் திறந்தபோது வாசலில் தெருவே நின்றது. வாடகைக்கு எடுத்த நாற்காலிகள்கூட வந்துவிட்டன. அவரைப் பேச விடாமல் ஆளுக்கு ஆள் கட்டிக்கொண்டார்கள். அத்தை மாலையோடு நேராக உள்ளறைக்குப் போனார். தாத்தா விழித்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"மாலை யாருக்குமா?" என்று கேட்டார்.

தெருவில் எல்லோரையும் கிண்டல் செய்கிற ஒருவர் பின்னாலிருந்து, "உனக்குத்தான் பெருசு. இப்படி சேதி பரவினா ஆயுசு கெட்டியாம்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். தாத்தா மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அம்மா, தெருமுனையிலேயே நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, பிரசாதப் பையைக் கீழே போட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

தாத்தா பன்னிரண்டாம் நாள் இறந்தார். ஈரல் கெட்டுவிட்டது, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அது யாருக்கும் நினைவில் இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதுதான் நினைவில் இருந்தது. காரியம் முடிந்த அன்று அப்பா சித்தப்பாவிடம், "உயிரோட இருக்கும்போதே பாடி அனுப்பிட்ட" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, வாசலில் நீதானே இருந்தாய், அத்தை கேட்டபோது என்ன சொன்னாய் என்று கேட்டார்.

"அது கொழந்தண்ணா. பாடினது நான். அத்தோட உடு" என்றார் சித்தப்பா.

கேசட் சென்னைக்குப் போகவில்லை. கிட்டாரை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, இன்றும் ஷிப்டுக்குப் போய் வருகிறார். குளிக்கும்போதுகூட அவர் முணுமுணுத்து யாரும் கேட்டதில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தலையில் போட்டுக்கொண்டார் என்றே நம்பி வளர்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்து இன்றுவரை என்னால் இயல்பாகப் பேச முடிந்ததில்லை.

போன மாதம் அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தக் கேசட் கிடைத்தது. ஒரு கடையில் கொடுத்து போனில் ஏற்றிக்கொண்டேன். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து கேட்டேன். பாட்டின் நடுவில் அத்தையின் குரல் வருகிறது, பக்கத்தில் நின்று கேட்பதுபோல. தாத்தா பூட்டாரா. கிட்டார் நிற்கிறது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். பிறகு சித்தப்பா அதே வரியை மறுபடி எடுக்கிறார். முன்னைவிட நன்றாகப் பாடுகிறார்.

அவருக்கும் கேட்டிருக்கிறது. தாத்தா இருக்கிறார் என்று ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பாட்டு பாதியில் அறுந்துபோகும். எட்டு வயதில் நான் வாய் திறக்காமல் இருந்ததுதான் எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவரும் அப்படித்தான் இருந்தார் என்பது இதுவரை தெரியாது. பாடுவதை அவர் விட்டது அப்பா சொன்ன சொல்லாலா, இதனாலா என்று இப்போது குழம்புகிறேன்.

பொங்கலுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். கேசட் என்னிடம் இருக்கிறது என்று சொன்னால் என் பாரம் குறையும், அவர் மறைத்து வைத்தது வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் அதை அவர் தனியாகவே சுமந்துகொண்டிருப்பார். விட்டுவிடு என்கிறார் என் கணவர். அம்மாவிடம் இதைக் கேட்கவே முடியாது. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் இப்படி ஒன்றை எடுத்துப் பேசியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், எப்படி ஆரம்பித்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். முதல் வாக்கியம் மட்டும் தெரிந்தால்கூடப் போதும்.